சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு யூனிஃபார்ம் தையல்கடை: மூன்று வருஷமாகப் போகிற அனுபவத்தில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பேர் கிடையாது. ஒரு காலத்தில் இருந்திருக்கும். போர்டில் வெயிலும் மழையும் தின்றது போக ‘டெய்லர்ஸ்’ என்பது மட்டும்தான் மிச்சம், அதிலும் பாதியை ஒரு பழைய போஸ்டர் மறைத்திருக்கிறது. எம்.சி. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்து, உள்ளே மாவு மில், மில்லுக்கு அடுத்த கதவு. மூன்று மெஷின், ஒரு கட்டிங் டேபிள், கூரை வரைக்கும் துணிமூட்டை. பேர் என்ன என்று கேட்டால் “பாய் கடைன்னு சொல்லுமா, மில்லுக்காரரே காட்டுவாரு” என்பார் பாய். அவர் கட்டிங், தையல். அவர் வீட்டு அக்கா காஜா, பட்டன், ஹெம்மிங். மே மாதம் மட்டும் உதவிக்கு ஒரு பையன் வருவான், அவனுக்கு எப்போதும் காதில் ஹெட்போன்.

நான் இருப்பது கொருக்குப்பேட்டை. பையன் இந்த வருஷம் ஆறாவது, பெண் மூன்றாவது. இரண்டு பேருமே தனியார் பள்ளிக்கூடம், அதனால் ஏப்ரல் கடைசியில் ரிசல்ட்டோடு ஒரு தாளும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். யூனிஃபார்ம், ஷூ, டை, பெல்ட், நோட்டு எல்லாவற்றுக்கும் அதில் விலை இருக்கும். அந்தத் தாளைப் பார்த்த அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ள மாட்டோம். இந்த மாதிரி வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் இந்தப் பள்ளிக்கூடத் திறப்பு தேதி விஷயம். 2023-ல் வெயில் காரணமாக இரண்டு தடவை தள்ளிப்போய் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்னவர்களுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024-ல் ஜூன் 10. இரண்டு வருஷம் இப்படிப் பழகிவிட்டதால் 2025-லும் தள்ளும், வாட்ஸ்அப்பில் வேறு வந்துவிட்டது என்று நான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன், சொன்னபடி ஜூன் 2 திங்கட்கிழமை திறந்துவிட்டார்கள். என் பெண் முதல் வாரம் முழுக்கக் கலர் டிரெஸ்ஸில் போனாள். அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம், டைரியில் மிஸ் எழுதி அனுப்பியதைப் படித்தது நான்தானே.

நான் பாயிடம் போய்ச் சேர்ந்ததே ஒரு முட்டாள்தனத்தால்தான். மூன்று வருஷத்துக்கு முன், பள்ளிக்கூட கவுண்டரில் ஒரு செட்டுக்கு இவ்வளவா என்று கோபப்பட்டு, நானே துணி எடுத்துத் தைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். ஆபீஸ் முடிந்து எம்.சி. ரோடு போகும்போது மணி எட்டு. பாரிமுனையில் வேலை என்பதால் அதற்கு முன்னால் வர வழியில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் நேவி ப்ளூ என்று கேட்டேன், கொடுத்தார்கள், வாங்கி வந்தேன். காலையில் பால்கனியில் பையனுடைய பழைய கால்சட்டை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கறுப்புக்குக் கிட்டே, அது ஊதாவுக்குக் கிட்டே. கிழித்த துணியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு தையல்காரர்களிடம் கேட்டேன், இரண்டு பேரும் “ஒண்ணும் தெரியாதுமா, தச்சிடலாம்” என்றார்கள். மூன்றாவது ஆள்தான் பாய். துணியை வாங்கி, கடைக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்துவிட்டு, “தைக்காதீங்கமா. லைன்ல நிக்கும்போது இவன் ஒருத்தன் மட்டும் தனியா தெரிவான். நேவி ப்ளூல மூணு நேவி ப்ளூ இருக்கு, பகல்ல வந்து பழைய துணியை வச்சுப் பாத்து எடுங்க. இதை வீட்ல வைங்க, பொண்ணுக்குப் பாவாடை தச்சுக்கலாம்” என்றார். வந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற ஆள். அன்றைக்கு அவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. நான் மூன்று வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

(இந்த ஏரியாவின் பேரே கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்களால் வந்தது. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சாயம் பார்க்கத் தெரியாமல் ஏமாந்தது எங்கள் மாமியாருக்கு இன்றைக்கும் பெரிய ஜோக்.)

சரி, வேலைக்கு வருவோம். பாய் அளவெடுப்பதை ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும். பையனுக்கு இதுதான் முதல் முழுப் பேண்ட், ஐந்தாவது வரைக்கும் டிராயர்தான். பெரிய மனுஷன் மாதிரி விறைப்பாக நின்றான். பாய் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “இப்படியா கிளாஸ்ல நிப்ப? உக்காரு” என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார். முட்டியில் துணி எங்கே இழுக்கும் என்று கையாலேயே காட்டினார். அப்புறம், “மிஸ் கேள்வி கேக்குறாங்க, உனக்குப் பதில் தெரியும், கையைத் தூக்கு” என்றார். தூக்கினான். சட்டை இடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. “பாத்தியாமா, கடைச் சட்டை இதுக்குத்தான் நாள் முழுக்க வெளிய தொங்குது. கை தூக்கினாலும் உள்ள நிக்கணும், ஒன்றரை இன்ச் நீளம் கூட.” எல்லாம் குறித்துக்கொண்டு, கடைசியாகப் பையன் காதில் விழாத மாதிரி என்னிடம், “வீட்ல அப்பா உயரமா, மாமா உயரமா?” என்று கேட்டார். மாமா உயரம் என்றேன். பேண்ட்டின் கால் மடிப்புக்கு இரண்டு இன்ச் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.

பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள், அதாவது சுமார் இரண்டு அங்குலம். எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு வைத்திருப்பதும் ஏறத்தாழ அதேதான் சொல்கிறது. ஆனால் அதில் பாதிதான் காலுக்குப் போகும், மீதி உடம்புக்கு என்பது பாய் கணக்கு. அதனால் பேண்ட்டில் மூன்று இன்ச் உள்ளே இருந்தால் இரண்டு வருஷம் தாராளமாக ஓடும். இடுப்புக்கும் அப்படித்தான், பின்பக்கத் தையலில் ஒன்றரை இன்ச் துணி மடங்கி உட்கார்ந்திருக்கும். கவுண்டரில் விற்கிற ரெடிமேடைப் புரட்டிப் பாருங்கள், ஓவர்லாக் அடித்த ஓரம் ஒரு விரல் நகம் அகலம்கூட இருக்காது. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, ஆயிரம் பீஸ் வெட்டும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்தால்தான் அவர்களுக்குக் கட்டும். நமக்குத்தான் கட்டுவதில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் பெண்ணுடைய பினஃபோர். (எங்கள் தெருவில் அதைப் பினோஃபார்ம் என்றுதான் சொல்வோம்.) இரண்டாவது படிக்கும்போது பாய் தைத்துக் கொடுத்த இரண்டு பினஃபோர், இப்போது முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. புதிதாக இரண்டு தைக்கத் துணியோடு போனேன், இந்தத் தடவை பகலில் எடுத்த துணி. “பழசு எங்க?” என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கீழ் ஓரத்தைப் புரட்டி, நகத்தால் ஒரு தையலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நான்கு விரல் அகலத்துக்குத் துணி, புத்தம் புதிதாக, சாயம் கொஞ்சமும் போகாமல். “புதுசு எதுக்குமா? உங்க பொண்ணோட அடுத்த வருஷத்தைத்தான் இதுக்குள்ள மடிச்சு வச்சிருக்கேன்.”

எனக்குச் சட்டென்று ஒன்றும் பேசத் தோன்றவில்லை. போன வருஷம் அவரிடம் கூலிக்காகப் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசியது ஞாபகம் வந்தது.

மடிப்பைப் பிரித்து இறக்கினால் ஒரு சிக்கல் உண்டு, அது தைக்கிறவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு விழுந்திருக்கும், தூரத்திலிருந்து பார்த்தாலே இது இறக்கிவிட்ட துணி என்று சொல்லிவிடலாம். வினிகரும் தண்ணீரும் கலந்து தொட்டு அயர்ன் பண்ணினால் மடிப்புத் தடம் போகும், சாயம் போனது திரும்பாது. பாய் அந்தக் கோட்டின் மேலேயே நூல் கனத்துக்கு ஒரு டக் (சின்ன மடிப்புத் தையல்) பிடித்தார், அதற்கு மேலே ஒரு விரல் தள்ளி இன்னொரு டக், வேண்டுமென்றே. இப்போது அது டிசைன் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றுக்கு 60 ரூபாய், இரண்டுக்கு 120. வாங்கி வைத்த துணிக்கு வேலையில்லாமல் போய் அலமாரியில் கிடக்கிறது, அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

இப்போது காசுக் கணக்கு, ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாவது பையனுக்கு ஒரு செட் 1,350 ரூபாய். நான் வெளியே எடுத்தது: சட்டைத் துணி ஒன்றரை மீட்டர், 180. பேண்ட் துணி பெரிய பன்னாவில் (துணியின் அகலம்) ஒரு மீட்டருக்குச் சற்று மேல், 275. தையல்கூலி சட்டைக்கு 220, பேண்ட்டுக்கு 300. ஆக 975. மூன்று செட்டுக்கு மிச்சம் 1,125 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அலைச்சல், ஆட்டோ, ஒரு நாள் அரை லீவு எல்லாம் சேர்த்தால் முதல் வருஷம் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். லாபம் இரண்டாவது வருஷம்தான், மடிப்பைப் பிரிக்கும்போது. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் மாற்றுகிறவர்கள் என்றால் இந்தக் கடை உங்களுக்குத் தேவையில்லை, ரெடிமேடே வாங்கிவிடுங்கள்.

துணி விஷயத்தில் பாய் சொன்ன இன்னொன்று. சட்டைக்கு முழுப் பாலியஸ்டர் எடுக்காதீர்கள், ஜூன் மாதமும் நம் ஊரில் வெயில்தான், பிள்ளை புழுங்கிப்போகும். 67-க்கு 33 என்று பாலியஸ்டரும் காட்டனும் கலந்தது கேளுங்கள். காட்டன் கூடுதலாக இருந்தால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தித்தான் தைக்கக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் தோய்ப்பில் சுருங்கும். நான் ஊறவைக்காமல் கொண்டுபோனால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

கடையில் உட்கார்ந்திருக்கும்போது கவனித்தது, வருகிறவர்களில் பாதிக்குப் பாதி அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு எட்டாவது வரைக்கும் வருஷத்துக்கு நான்கு செட் சீருடை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருவது. துணி கெட்டியாகத்தான் இருக்கிறது. அளவுதான் சில பிள்ளைகளுக்குத் தொளதொள, சிலருக்குப் பிடிப்பு. அதை ஆல்டர் பண்ண அக்கா இருபது ரூபாய், முப்பது ரூபாய்தான் வாங்குகிறார். ஒரு அம்மா நான்கு செட்டையும் கொண்டுவந்திருந்தார். “ரெண்டு மட்டும் இப்ப புடிச்சுக் கொடுக்கறேன், மீதி ரெண்டு பெருசாவே இருக்கட்டும், தீபாவளிக்கு அப்புறம் அதுவே சரியா உக்காரும்” என்று அக்கா பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் வியாபாரம் தெரியாது என்று நினைத்தேன். கடையில் கூட்டத்தைப் பார்த்தால் அப்படியும் சொல்ல முடியவில்லை.

கடை வாசலிலேயே குடை விரித்து ஒரு பெரியவர் பை தைக்கிறார், அவரையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்ணுடைய ஸ்கூல் பேக் ஜிப் பிளந்துகொண்டது, புதிது வாங்கித் தரச் சொல்லி ஒரு வாரம் அழுகை, அதுவும் சக்கரம் வைத்த பொம்மைப் படம் போட்ட பைதான் வேண்டுமாம். பெரியவர் ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பல் எல்லாம் நன்றாக இருக்கிறது, ரன்னர்தான் வாய் அகன்றுவிட்டது, மாற்றினால் போதும் என்றார். 30 ரூபாய். ஐந்து நிமிஷம். 2020-ல் வந்த தேசியப் பள்ளிப்பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது என்கிறது. இவள் 24 கிலோ, அப்படியென்றால் புத்தகம், நோட்டு, பை எல்லாம் சேர்த்து 2.4 கிலோதான். அந்தச் சக்கர பேக்கைக் கடையில் காலியாகத் தூக்கினபோதே என் கை கனத்தது. அழுகை இன்னும் முழுதாக அடங்கவில்லை, அது வேறு விஷயம்.

நோட்டுக்கு இங்கே வராதீர்கள், அதற்குப் பாரிமுனைதான், பந்தர் தெரு. டஜன் கணக்கில் எடுத்தால் நம் தெருக்கடை விலையைவிடக் குறைவு. பிரவுன் ஷீட், லேபிள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். 2025 செப்டம்பர் 22-லிருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்பனர், கிரேயான் எதற்கும் ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு முன் நோட்டுக்கு 12 சதவீதம் இருந்தது. ஜாமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம் உண்டு. நான் வரி ஆலோசகர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், அதனால் பில்லைப் புரட்டாமல் இருக்க முடியாது. நீங்களும் புரட்டுங்கள். ஒரே ஒரு யோசனை: ரெட்டைக் கோடா, நாலு கோடா, கட்டம் போட்டதா என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு முன்னால் அள்ளிக்கொண்டு வராதீர்கள். எங்கள் வீட்டுப் பரணில் நாலு கோடு நோட்டு ஒன்பது இருக்கிறது, அதில் எழுதுகிற வயசு இரண்டு பிள்ளைகளுக்கும் தாண்டிவிட்டது.

இப்போது குறைகள். பாய் கடையைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்காதீர்கள், இருக்கிறது நிறைய.

முதல் குறை, சொன்ன தேதிக்குத் தரமாட்டார். மே 20-க்கு முன் கொடுத்தால் பத்து நாள் என்பார், பதினைந்து ஆகும். 20-க்கு மேல் கொடுத்தால் அவரே “சொல்ல முடியாதுமா” என்பார், அது ஒன்றுதான் அவர் சொல்லில் நிற்கிற நேரம். நான் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன், அதில் ஒரு தடவை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடி இருபது நிமிஷம் வெயிலில் வண்டியோடு நின்றேன். வீட்டிலிருந்து கிளம்புமுன் போன் பண்ணிக் கேளுங்கள். கேட்டாலும் “வாங்க, ரெடி” என்பார், போனால் பட்டன் வைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, போன வருஷம் பையன் சட்டைப் பாக்கெட்டில் பள்ளி முத்திரையைச் சாய்த்துத் தைத்துவிட்டார். அந்த முத்திரை துண்டாகப் பள்ளிக்கூடத்தில் வாங்கிவந்து கொடுப்பது. ஹெட்போன் பையன் வேலை என்று அவன் தலையில் போட்டார். பிரித்துத் திரும்பத் தைத்தார், காசு வாங்கவில்லை, ஆனால் ஊசி போன ஓட்டைகள் சட்டையில் தெரியத்தான் செய்தது. வாங்கும்போது கடையிலேயே விரித்துப் பாருங்கள், அவசரப்பட்டு மடித்து வாங்காதீர்கள்.

பில் தரமாட்டார். கார்பன் வைத்த சின்னச் சீட்டு ஒன்று தருவார், அதைத் தொலைத்தால் மூட்டைகளுக்கு நடுவில் நீங்களே தேட வேண்டும். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். மில் ஓடும்போது பேசுவது காதில் விழாது, துணியில் மிளகாய்த்தூள் வாசனை கொஞ்சம் ஏறும், ஒரு தடவை தோய்த்தால் போய்விடும்.

போகிறவர்களுக்கு: வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோடு கேட்டு நடந்துவிடலாம், வண்டி எடுத்துப் போகாதீர்கள், மே மாதம் அந்த ரோட்டில் செருப்புக் காலே நுழையாது. காலை பதினொரு மணி நல்ல நேரம், துணியின் நிறம் சரியாகத் தெரியும், பாயும் நிதானமாகப் பேசுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார், அக்கா மட்டும் இருப்பார், அளவெடுக்க மாட்டார். ஜிபே உண்டு, அது அக்கா போனுக்குத்தான் போகும். பிள்ளையைக் கையோடு கூட்டிப் போங்கள், பழைய யூனிஃபார்மைத் தோய்த்து எடுத்துப் போங்கள், அதைப் பார்க்காமல் புதிதுக்கு அவர் கத்தரிக்கோல் எடுக்க மாட்டார்.

பையனுக்கு மூன்று பேண்ட்டில் இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை ரெடி என்றார். எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்கவில்லை.